வெப்பத்துக்கு நேரம் கொடுக்காத ஒளி

பெட்ரோல் காரின் இன்ஜெக்டர் முனையைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஐந்தாறு துளைகள் தெரியும். ஒவ்வொன்றின் விட்டமும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். எரியறைக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்சின்களில் 200 பார், 350 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) என்ற அழுத்தத்தில் எரிபொருள் இந்தத் துளைகள் வழியே பாய்கிறது. துளையின் விளிம்பு எவ்வளவு கூராக இருக்கிறது, சுவர் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது, எந்தக் கோணத்தில் திறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பெட்ரோல் நுண்துளிகளாக உடையும். சரியாக உடையாத துளி பிஸ்டன் தலையிலோ சிலிண்டர் சுவரிலோ போய் அப்பிக்கொள்ளும். அங்கே அரைகுறையாக எரிந்து கரித்துகளாக வெளியேறும். ஐரோப்பாவின் யூரோ 6 விதியும் நம் பிஎஸ் 6 விதியும் இந்த இஞ்சின்களுக்குக் கரித்துகளின் எடையோடு நின்றுவிடாமல் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. தலைமுடியைவிடச் சற்றே பெரிய துளை ஒன்றில் ஒட்டியிருக்கும் பிசிறு, ஊர் சுவாசிக்கும் காற்று வரைக்கும் வந்து சேர்கிறது.

இத்தகைய துளைகளை இன்று ஒளியால் போடுகிறார்கள். அதுவும் ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிகோ விநாடி, அல்லது அதற்கும் குறைவான நேரமே நீடிக்கும் லேசர் துடிப்புகளால். பிகோ விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியே 0.3 மைக்ரான்தான் நகர்ந்திருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நான் வேலை கற்றுக்கொண்டது கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில், அதாவது அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில். அங்கே சிறு துளை என்றால் ஸ்பார்க் எரோஷன், வயர் கட். மின்பொறி உலோகத்தை உருக்கி உருக்கித் தின்னும் முறை அது. நல்ல முறை, இன்றும் அதை மதிக்கிறேன். ஆனால் பொறி பட்ட இடமெல்லாம் உருகி மீண்டும் உறைந்த ஒரு வெள்ளை அடுக்கு மிஞ்சும். கடினமாக, நொறுங்கும் தன்மையோடு, நுண்ணிய விரிசல்களோடு இருக்கும் அந்த அடுக்கை எடுப்பதற்கென்று தனி வேலை, தனி ஆள், தனிச் செலவு. உருவாக்குவது பாதி வேலை, உருவாக்கியதன் கழிவை நீக்குவது மீதி வேலை என்பது டூல் ரூமில் எழுதப்படாத விதி. பிறகு லேசர் துறைக்கு வந்து, பிகோ விநாடித் துடிப்பால் போட்ட துளையை முதல்முறையாக எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது என் கண்கள் அந்த வெள்ளை அடுக்கைத்தான் தேடின. விளிம்பு அப்படியே நின்றது. உருகி வழிந்த தடயம் எங்கும் இல்லை. அன்று தொடங்கிய ஈடுபாடுதான் இந்தக் கட்டுரை.

காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒளி உலோகத்தில் விழும்போது அதன் ஆற்றலை முதலில் வாங்கிக்கொள்பவை எலெக்ட்ரான்கள். அவை அணுக்களின் கட்டமைப்புக்கு அந்த ஆற்றலைக் கைமாற்றச் சில பிகோ விநாடிகள் பிடிக்கின்றன. பொருளைப் பொறுத்து ஒன்றிலிருந்து பத்து வரை. எலெக்ட்ரான்களுக்கு ஒரு வெப்பநிலை, அணுக்களுக்கு வேறொரு வெப்பநிலை என்று சோவியத் இயற்பியலாளர் அனிசிமோவும் அவருடைய குழுவினரும் 1974-இல் ஒரு சமன்பாட்டு முறையைக் கொடுத்தார்கள். இன்றும் இந்தத் துறையில் கணக்குப் போடுபவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். துடிப்பு இந்தக் கைமாற்றலைவிட நீண்டதாக இருந்தால் வெப்பம் அக்கம்பக்கம் பரவிக்கொண்டே இருக்கும். செம்பில் ஒரு மில்லி விநாடிக்குள் வெப்பம் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் போய்விடும். 10 நானோ விநாடியில், அதாவது பத்தாயிரம் பிகோ விநாடியில், ஒன்றிரண்டு மைக்ரான். 10 பிகோ விநாடியில் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட நகராது. துடிப்பு முடிந்துவிட்டது, ஒளி பட்ட மெல்லிய படலம் நிலைகொள்ளாமல் ஆவியும் துகளுமாக வெடித்துப் பறந்துவிட்டது, அண்டையில் இருக்கும் உலோகத்துக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. ஒரு துடிப்பு அகற்றும் ஆழம் பத்து முதல் நூறு நானோமீட்டர். அதனால் ஆழத்தைத் துடிப்புகளின் எண்ணிக்கையாலேயே அளந்துவிட முடிகிறது.

ஆற்றலைப் பார்த்தால் இது நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. வழக்கமான ஒரு தொழிற்சாலைத் துடிப்பில் 100 மைக்ரோ ஜூல் இருக்கலாம். ஒரு மில்லிகிராம் எடையைப் பத்து மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல் அது. ஒரு கொசுவுக்கே போதாது. ஆனால் அதை ஒரு பிகோ விநாடிக்குள் அடக்கினால் அந்தக் கணத்தின் திறன் 100 மெகாவாட். 30 மைக்ரான் அகலமுள்ள புள்ளியில் குவித்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றுக்குப் பின்னால் பதின்மூன்று சுழியம் போட்ட அளவு வாட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படிப்பட்ட துடிப்பைப் பெருக்குவதுதான் நீண்ட காலம் முட்டுச்சந்தாக இருந்தது. 1960-இல் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிய பிறகு துடிப்புகள் வேகமாகக் குறுகின. ஆனால் குறுகிய துடிப்பை வலுவாக்கினால் அது தன்னைப் பெருக்கும் கண்ணாடியையும் படிகத்தையுமே எரித்துவிடும். 1985-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும் அவருடைய ஆய்வு மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும் வழி கண்டார்கள். துடிப்பை ஒரு நீண்ட கண்ணாடி இழைக்குள் செலுத்தினார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இழை. அதற்குள் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதால் துடிப்பு காலத்தில் நீண்டுவிடுகிறது, உச்சம் தாழ்கிறது. தாழ்ந்த நிலையில் அச்சமின்றிப் பெருக்கலாம். கடைசியில் நிறங்களைப் பிரிக்கும் வரித்தட்டுகளைக் கொண்டு மறுபடியும் இறுக்கிக் குறுக்கினால் உச்சம் ஆயிரக்கணக்கான மடங்கு எழும்புகிறது. ரேடார் பொறியாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்த யோசனை இது. ஒளிக்கு அதைக் கொண்டுவந்ததற்காக 2018-இல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். இயற்பியலில் அப்பரிசு பெற்ற மூன்றாவது பெண் ஸ்ட்ரிக்லண்ட். இரண்டாமவரான மரியா கோப்பர்ட் மேயரின் பெயர் இன்னும் சற்று நேரத்தில் வரும். அது தற்செயலான ஒற்றுமை என்றாலும் எனக்கு மிகவும் பிடித்தது.

தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையும் முதுகலையும் முடித்து அமெரிக்கா சென்றவர். ஐபிஎம் ஆய்வகத்தில் புற ஊதா எக்சைமர் லேசரால் பிளாஸ்டிக்கையும் திசுவையும் கருக்காமல் செதுக்க முடியும் என்று 1980-களின் தொடக்கத்தில் காட்டிய மூவரில் ஒருவர். கண்ணாடி போடுவதைத் தவிர்க்க இன்று செய்துகொள்ளும் லேசர் சிகிச்சையின் வேர் அங்கே இருக்கிறது. அந்த வேலைக்காக அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இத்தனை பேர் அறிந்த அந்தக் கதைக்குப் பக்கத்தில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. 1987-இல் அவரும் சக ஆய்வாளர்களும் 160 ஃபெம்டோ விநாடித் துடிப்பால் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைச் செதுக்கிய முடிவுகளை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கனில் கூப்பரும் ஸ்டூக்கேயும் அதே வகைச் சோதனையை வெளியிட்டார்கள். துடிப்பைக் குறுக்கினால் செதுக்கல் சுத்தமாகிறது என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் இவை இரண்டும் முக்கியமானவை. 1996-இல் ஹனோவர் லேசர் மையத்தின் குழு நானோ, பிகோ, ஃபெம்டோ விநாடித் துடிப்புகளால் உலோகத் தகடுகளில் துளையிட்டு, படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது. நானோ விநாடித் துளையைச் சுற்றி உருகி எழும்பிய வளையம். ஃபெம்டோ விநாடித் துளையைச் சுற்றித் தட்டையான உலோகம். இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் பார்க்கும் படம் அது.

அந்தப் படத்துக்கும் காருக்குள் இருக்கும் துளைக்கும் நடுவே பல ஆண்டு உழைப்பு கிடக்கிறது, என் மரியாதை அதற்கே அதிகம். ஆய்வகத்தின் டைட்டானியம்-சஃபயர் லேசர் ஒரு பெரிய மேசையை நிரப்பும். காலையில் ஒருவர் வந்து கண்ணாடிகளைத் திருகித் திருகிச் சரிசெய்தால்தான் ஓடும். மூன்று ஷிப்ட் ஓடும் பட்டறைக்கு அது ஆகாது. அதை மாற்றியவை அடக்கமான கண்டுபிடிப்புகள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஊர்சுலா கெல்லர் வடிவமைத்த அரைக்கடத்தி ஆடி, யாரும் தொடாமலே லேசரைத் தானாகத் துடிக்க வைத்தது. ஸ்டுட்கார்ட்டில் அடோல்ஃப் கீசன் குழு, லேசர் படிகத்தை மெல்லிய தட்டாக்கி முதுகுப் பக்கம் முழுவதையும் குளிரூட்டியது. இட்டெர்பியம் என்னும் அருமண் தனிமம் கலந்த படிகங்களுக்கும் இழைகளுக்கும் சாதாரண டையோடு லேசராலேயே ஆற்றலை ஊட்டிவிட முடிந்தது. இவையெல்லாம் சேர்ந்துதான் பெட்டிக்குள் அடைத்துச் சுவரோரம் வைக்கக்கூடிய இயந்திரம் பிறந்தது.

இந்த லேசர்களைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்ததற்காக, 2013-இல் ஜெர்மன் குடியரசுத் தலைவர் வழங்கும் எதிர்காலப் பரிசை பாஷ் நிறுவனத்தின் யென்ஸ் கோனிக், ட்ரம்ப்ஃப் நிறுவனத்தின் டிர்க் சட்டர், யெனா பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான் நோல்டே மூவரும் பெற்றார்கள். லேசர் செய்பவர், அதைப் பயன்படுத்துபவர், அதன் இயற்பியலைப் புரிந்துகொண்டவர் என்று மூவரும் ஒரே மேடையில் நின்றது சரியான காட்சி. நோல்டே, மேலே சொன்ன ஹனோவர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். படம் வந்ததற்கும் பரிசு வந்ததற்கும் இடையே பதினேழு ஆண்டுகள்! லித்துவேனியாவையும் குறிப்பிடாமல் போகக் கூடாது. முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் கொண்ட அந்த நாட்டின் தலைநகர் வில்னியஸிலிருந்து லைட் கன்வர்ஷன் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுக்க ஃபெம்டோ விநாடி லேசர்களை அனுப்புகின்றன. சோவியத் காலத்தில் பல்கலைக்கழகத்தில் வேரூன்றிய ஒளியியல் மரபு, நாடு விடுதலை பெற்ற பிறகு தொழிலாக மாறியது. சிறிய நாடு எதில் பெரிதாக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

உலோகத்தைவிடக் கண்ணாடியில் நடப்பது இன்னும் அழகு. அகச்சிவப்பு ஒளி கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும், உள்ளே எதையும் தொடாது. ஆனால் ஒளி மிகச் செறிவாகக் குவிந்தால் ஓர் எலெக்ட்ரான் ஒரே நேரத்தில் பல ஒளித்துகள்களை விழுங்குகிறது. இரண்டு ஒளித்துகள்களை ஒருசேர விழுங்க முடியும் என்று 1931-இல் வெளியான தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கணித்தவர்தான் மரியா கோப்பர்ட் மேயர். லேசர் பிறக்க இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. இதன் பயன் என்னவென்றால், கண்ணாடியின் மேற்பரப்பைத் தொடாமல் அதன் வயிற்றுக்குள் மட்டும் வேலை செய்யலாம். கைப்பேசித் திரைக் கண்ணாடியை வேதிமுறையில் இறுக்கியிருப்பார்கள். மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். சக்கரத்தால் கீறி உடைக்கும் பழைய முறையில், அதுவும் வளைந்த விளிம்பில், அது நொறுங்கிப்போகும். அதிவேகத் துடிப்பைக் கூம்பு வடிவ லென்சின் வழியே அனுப்பி ஊசிபோல் நீண்ட குவியத்தை உருவாக்கினால், ஒரே துடிப்பில் கண்ணாடியின் முழுத் தடிமனுக்கும் மெல்லிய இழைபோன்ற தடம் விழுகிறது. சில மைக்ரான் இடைவெளியில் வரிசையாக இட்டுப் போனால், பிறகு சிறு விசையிலேயே கண்ணாடி அந்தக் கோட்டில் பிரிந்து வருகிறது. கேமராவை மூடும் சஃபயர் வில்லைகளுக்கும் இதே வழி. தூள் பறக்காது, தண்ணீர் வேண்டாம்.

மருத்துவத்தில் ஸ்டென்ட். ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் இந்த வலைக்குழாயை, பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கும் ‘நிட்டினால்’ என்ற உலோகக் கலவையில் வெட்டும்போது, வெப்பம் பட்ட இடத்தில் அதன் நினைவுத் தன்மை மாறிவிடும் அபாயம் உண்டு. உடலுக்குள் கரையும் பாலிலாக்டிக் அமிலத்தில் வெட்டினால் சிக்கல் இன்னும் கூர்மை. அந்தப் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். நீண்ட துடிப்பு லேசர் அங்கே கை வைக்கவே முடியாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விற்பனைக் கையேடுகள் பலவற்றில் இந்த முறையில் வெப்பமே இல்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மையன்று. பொருளோடு பறந்து போகும் ஆற்றல் போக, கணிசமான பங்கு உள்ளே தங்கிவிடுகிறது. ஒரு துடிப்பில் தங்குவது அற்பம். ஆனால் தொழிற்சாலை ஒரு துடிப்போடு நிற்பதில்லை. ஒரு வாட் திறனுக்கு நிமிடத்துக்கு ஒரு கன மில்லிமீட்டரில் சிறு பங்குதான் எஃகு கரைகிறது. இந்த ஆமை வேகத்தில் எந்த முதலாளியும் பொறுமையாக உட்கார மாட்டார். எனவே விநாடிக்கு ஆயிரம் துடிப்பு லட்சமாகிறது, லட்சம் பத்து லட்சமாகிறது. முந்தைய துடிப்பின் மிச்ச வெப்பம் கலைந்து போவதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. பாஷ், யெனா ஆய்வாளர்கள் 2015-இல் துருப்பிடிக்காத எஃகில் இதை அளந்தார்கள். அடுத்த துடிப்பு விழும் கணத்தில் மேற்பரப்பின் வெப்பநிலை சுமார் 600 டிகிரியைத் தாண்டினால், பளிச்சென்று இருந்த பரப்பு சொரசொரப்பாகி மேடு பள்ளமாகிறது. எந்த வெப்பத்துக்கு நேரமே கொடுக்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டோமோ, அந்த வெப்பத்தை நம் அவசரமே பின்வாசல் வழியே அழைத்து வந்துவிடுகிறது. என் வேலையின் பெரும்பகுதி இந்தப் பின்வாசலைக் காவல் காப்பதுதான். இந்தத் துறையின் உண்மையான பொறியியல் அங்கேதான் இருக்கிறது என்பது என் தீர்மானமான கருத்து.

ஒரு துடிப்பின் ஆற்றலை ஏற்றினால் வேலை விரைவாகும் என்று தோன்றும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பெயட் நோயன்ஷ்வாண்டர் குழு காட்டிய கணக்கு வேறு. பொருள் கழலத் தொடங்கும் வரம்பைப்போல் சுமார் 7.4 மடங்கு உச்சச் செறிவில்தான் ஒரு வாட்டுக்கு அதிகபட்சப் பொருள் கழல்கிறது. அதற்கு மேல் ஏற்றும் ஆற்றல் வீணாகி வெப்பமாகத் தங்குகிறது. அப்படியானால் 100 வாட் லேசரை வாங்கியவர் என்ன செய்வது? ஒரு கதிரைப் பல கதிராகப் பிரித்து ஒரே நேரத்தில் பல துளை போடலாம். அல்லது கதிரை மிக வேகமாக நகர்த்தி, ஒவ்வொரு துடிப்பையும் புதிய இடத்தில் விழச் செய்யலாம். கதிரைத் திருப்ப மின்னால் அசையும் வழக்கமான கால்வோ ஆடிகள் விநாடிக்குச் சில மீட்டர், மிஞ்சினால் பத்துப் பதினைந்து மீட்டர் ஓட்டும். சுழலும் பலகோண ஆடி நூறு மீட்டரையும் தாண்டும். லேசர் முன்னேறிவிட்டது, அதைத் திருப்பும் ஆடிதான் பின்தங்கி நிற்கிறது.

2016-இல் துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து இல்தாய் குழு ஒரு துணிச்சலான யோசனையை வெளியிட்டது. துடிப்புகளை மிக நெருக்கமாக, விநாடிக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட வீதத்தில் கொத்தாக அனுப்பினால், சூடான பொருள் வெப்பத்தோடு சேர்ந்தே பறந்துவிடும், பறப்பதே குளிரூட்டல் ஆகும் என்றது. படித்தபோது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். பிற குழுக்கள் பின்னர் உலோகங்களில் செய்த அளவீடுகள் அத்தனை உற்சாகம் தரவில்லை. பல இடங்களில் அந்தக் கொத்து ஒரு நானோ விநாடித் துடிப்பைப்போலவே நடந்துகொண்டு உருகலை விட்டுச் சென்றது. ஆனாலும் கேள்வி முடிந்துவிடவில்லை. சிலிக்கானிலும் கண்ணாடியிலும் அதற்கு இடம் உண்டு என்று நம்புகிறேன்.

வெப்பம் சேர்வதையே வரமாக்கிக்கொண்ட இடமும் ஒன்று உண்டு. 2005-இல் ஜப்பானின் ஒசாகாவில் தமாகி, இதோ குழுவினர் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து வைத்து, இணையும் முகத்தில் ஃபெம்டோ விநாடித் துடிப்புகளைக் குவித்து, பசை இல்லாமல் ஒட்டவைத்தார்கள். துடிப்புகளை வேகமாக அடுக்கும்போது சில பத்து மைக்ரான் அகலத்துக்குள் மட்டும் கண்ணாடி உருகி ஒன்றாகிறது. வெளிப்புறம் தொட்டால் சூடே தெரியாது. 2019-இல் ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் கண்ணாடியையும் உலோகத்தையும் இப்படி இணைத்துக் காட்டியது. விரிவடையும் அளவில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு பொருள்கள் அவை. ஒளியியல் கருவிகளில் பசை காலப்போக்கில் ஆவி விட்டு லென்சை மங்கச் செய்யும் தொல்லையை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. மேலே நினைவில் வைக்கச் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு பதின்மூன்று சுழிய வாட் என்ற அளவைத் தாண்டும்போது, பறக்கும் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது எலெக்ட்ரான்கள் பிரிந்த சூடான ஆவியிலிருந்து, மென் எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. விநாடிக்கு ஆயிரம் துடிப்பு இருந்த காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. துடிப்புகள் லட்சக்கணக்கில் ஏறியபோது, மூடப்படாத இயந்திரத்தின் அருகே நிற்பவரின் தோலுக்கும் கண் வில்லைக்கும் கவலைப்படத்தக்க அளவு சேரக்கூடும் என்று ஜெர்மன் ஆய்வு நிறுவனங்கள் அளந்து காட்டின. அங்கே இவ்வகை இயந்திரங்கள் இப்போது கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர் என்பதால் சில மில்லிமீட்டர் எஃகுத் தகடு அதைத் தடுத்துவிடும். எனவே சோதனைக்காகக் கதவின் பூட்டுத் தொடர்பைத் துண்டித்து, லேசர் கண்ணாடியை மட்டும் அணிந்துகொண்டு குனிந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம். அந்தக் கண்ணாடி லேசரின் 1030 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தடுக்கச் செய்தது. எக்ஸ் கதிருக்குச் செய்ததன்று. கதவை மூடி, கேமராவில் பாருங்கள்.